பெயர் எழுதிய இரண்டு பைகள்

கட்டுகஸ்தோட்டை
12.01.2025

திரு. ந. சேந்தன் அவர்களுக்கு,

உமது மனைவி கோசலா கொண்டுவந்து தந்த கடிதம் கிடைத்தது. ஏழு வருஷத்துக்குப் பிறகு உமது கையெழுத்தைப் பார்க்கிறேன். வரிகள் இன்னும் வலப்பக்கம் சரிந்துகொண்டுதான் போகின்றன.

உமக்கு இரத்தப் புற்றுநோய் என்றும், யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்றும், எலும்புக்குள் இருக்கும் என்பு மச்சையை மாற்றவேண்டும், கூடப்பிறந்தவருடையது பொருந்தக்கூடும் என்றும் எழுதியிருந்தீர். உமக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருவன்தான். அப்பா செத்த அன்று அது உமது நினைவுக்கு வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பரிசோதனைக்குப் போனேன். முழுவதும் பொருந்துகிறது என்று டொக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்து பத்மாவிடம் சொன்னேன். "குணம்தான் பொருந்தேல்லை, எலும்பெண்டாலும் பொருந்துதே" என்றாள். என் மனைவிக்கும் உமக்கும் எப்போதும் ஒரே பக்கம்தான்.

தருகிறேன். ஆனால் சில விஷயங்களைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். மச்சையை இடுப்பெலும்பிலிருந்து உறிஞ்சி எடுக்கும்போது கூடவே நிறைய இரத்தமும் போய்விடுமாம். அதை ஈடுசெய்ய இரண்டு வழி இருக்கிறது. இரத்த வங்கியிலிருக்கும் வேறு யாருடையதையாவது ஏற்றலாம். அல்லது முன்கூட்டியே என்னிடமிருந்து இரண்டு பை எடுத்து வைத்து, அன்றைக்கு எனக்கே திருப்பி ஏற்றலாம். நான் இரண்டாவதைத்தான் கேட்டேன். பிறத்தியாருடைய ஒரு துளியும் என் உடம்பில் ஓட வேண்டாம். ஐம்பத்துநாலு வயதுவரை ஒருவர் முன்னாலும் கைநீட்டாமல் இருந்துவிட்டேன்.

இதை நான் செய்வது கடமைக்காக. உறவு கொண்டாடுவதற்கல்ல. தொலைபேசி எடுக்க வேண்டாம். எடுத்தாலும் நான் பேசமாட்டேன். சொல்வதற்கு ஏதும் இருந்தால் எழுதும்.

இப்படிக்கு,
ந. குகதாசன்


கண்டி ஆஸ்பத்திரி
16.01.2025

அன்பின் அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் என்னைக் கட்டில் இலக்கத்தால்தான் கூப்பிடுகிறார்கள். நீங்களாவது 'திரு' போட்டு எழுதினீர்கள். பக்கத்துக் கட்டில்காரருக்கும் எடுத்துக் காட்டினேன். அவர் கம்பளை ஆள். அவர் சிங்களத்திலும் நான் தமிழிலும் கதைத்துக்கொள்கிறோம். சாப்பாட்டைத் திட்டும்போது மட்டும் இரண்டு பேருக்கும் எல்லாம் விளங்குகிறது.

என் பாடு பரவாயில்லை. மின்சார சபையில் இருபது வருஷம் கம்பம் ஏறினவன், இப்போது மலசலகூடத்துக்குப் போய் வரவே சுவரைப் பிடிக்கவேண்டியிருக்கிறது. தலைமயிர் எல்லாம் கொட்டிவிட்டது. கோசலா "அப்பாவின்ர சாயல் இப்பதான் வடிவாத் தெரியுது" என்கிறாள். அவள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்து இருக்கிறாள். கண்டிக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று முறைப்பாடு. குளிருக்கு நான் பொறுப்பல்ல என்று சொல்லியிருக்கிறேன்.

உங்கள் இரத்தத்தை உங்களுக்கே வைக்கப்போகிற கதையைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. பள்ளிக்கூடத்திலும் நீங்கள் தண்ணீர்ப் போத்தலை ஒருவருக்கும் கொடுக்கமாட்டீர்கள். எனக்கு மட்டும் மூடியில் ஊற்றித் தருவீர்கள். கோபிக்க வேண்டாம், நினைவு வந்ததால் எழுதினேன்.

நீங்கள் தருவதாகச் சொன்ன அன்றிரவு நான் நன்றாக நித்திரை கொண்டேன். அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல்தான் மற்றதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறேன். பத்மா அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி,
சேந்தன்


கட்டுகஸ்தோட்டை
04.02.2025

சேந்தனுக்கு,

இரண்டு பைகளும் கொடுத்தாயிற்று. முதலாவது சென்ற மாதம் 27ஆம் திகதி, மற்றது நேற்று. இரத்த வங்கியில் ஷஹ்மா என்றொரு தாதி இருக்கிறார், அக்குறணைப் பிள்ளை. பையில் ஒட்டும் தாளில் என் முழுப்பெயரையும் எழுதி, என்னையும் வாசித்துக் கையெழுத்து வைக்கச் சொன்னார். "சேர், இது உங்களுக்கு மட்டுந்தான். வேற யாருக்கும் போகாது. முப்பத்தஞ்சு நாள் வெச்சிருக்கலாம்" என்றார்.

அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொரு வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் பிரதி அதிபராக இருக்கிறேன். அதிபர் அறைக் கதவில் மூன்று பேருடைய பெயர்ப்பலகை மாறிவிட்டது. என் பெயர் எழுதி எனக்கென்று ஒதுக்கி வைத்த பொருள் கண்டியில் இந்த இரண்டு பைகள்தான்.

மச்சை எடுப்பதற்கு 24ஆம் திகதி குறித்திருக்கிறார்கள். அதற்கு முன் உம்மிடமிருந்து எனக்கு ஒன்று வேண்டும்.

2018 மார்ச்சில் அப்பா செத்தபோது கண்டியில் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரம். ஊரடங்கு. தெருவில் இறங்க முடியாது. அது உமக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன் என்பதுதான் நம்முடைய முறை. நீர் ஒரு நாள் பொறுக்கவில்லை. நான் வந்து இறங்கியபோது மழித்த தலையோடு முற்றத்தில் நின்றீர். எனக்குக் காட்டுவதற்கு உம்மிடம் சாம்பல்தான் இருந்தது. சபை நடுவே அத்தனை பேச்சுப் பேசினேன். ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னீரா? வீட்டு நாயைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றீர். என் தகப்பனுக்கு நான் கொள்ளி வைக்காமல் போனேன் என்பது செத்தாலும் மாறாது.

'கொள்ளி வைத்தது என் பிழை' என்று எழுதிக் கையெழுத்து வைத்து அனுப்பும். ஒரு பிரதி சுன்னாகத்தில் பெரியப்பாவுக்குப் போகவேண்டும். 24க்கு முன் எனக்கு அது கிடைக்க வேண்டும்.

ந. குகதாசன்


கண்டி ஆஸ்பத்திரி
08.02.2025

அன்பின் அண்ணாவுக்கு,

நீங்கள் கேட்டதை இரண்டு நாள் யோசித்தேன். கையில் ஊசி ஏறிக்கொண்டிருக்கிறது, அதனால் எழுத்து வழக்கத்தைவிட மோசம்.

அந்தக் கடிதத்தை இப்போது எழுத முடியாது, அண்ணா. எழுத மனமில்லாமல் அல்ல. இப்போது எழுதினால், மச்சைக்காக எழுதினான் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைப்பேன். பிறகு அந்தக் கடிதத்துக்கு ஒரு பெறுமதியும் இராது. என் உயிருக்குப் பயந்து உங்களுக்கு ஒரு பொய்யை அனுப்புவதா? எல்லாம் முடிந்த பிறகு எழுதுகிறேன். நான் இருந்தால் எழுதுவேன். இல்லாமல் போகலாம் என்பதால் முன்னமே எழுதி யாரிடமாவது கொடுத்தும் வைப்பேன். அதை நம்புங்கள்.

நாயைப் பார்ப்பதுபோல் நான் உங்களைப் பார்க்கவில்லை. எப்படிப் பார்த்தேன் என்று அந்தக் கடிதத்தில் சொல்கிறேன்.

கம்பளைக்காரர் நேற்று வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது தன் தலையணையை எனக்குத் தந்துவிட்டுப் போனார்.

உங்கள் தம்பி,
சேந்தன்


கட்டுகஸ்தோட்டை
15.02.2025

சேந்தனுக்கு,

எனக்குக் காய்ச்சலும் சளியும். 24ஆம் திகதி வர இயலாது என்று ஆஸ்பத்திரிக்கு அறிவித்துவிட்டேன். சுகமானதும் தெரிவிப்பேன்.

குகதாசன்


கண்டி ஆஸ்பத்திரி
19.02.2025

அன்பின் அண்ணாவுக்கு,

காய்ச்சலுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடியுங்கள்.

நேற்று முன்தினம் கோசலா மத்திய சந்தையில் உங்களைக் கண்டாளாம். கங்குன் கீரைக்கு வியாபாரியோடு வாதாடிக்கொண்டு நின்றீர்களாம். "கிட்டப்போய்க் கதைச்சிருக்கலாமே" என்றேன். "காய்ச்சல்காரரை ஏன் கரைச்சல்படுத்துவான்?" என்றாள். அவளுக்கு உங்கள்மேல் கோபம். எனக்கு இல்லை. உண்மையில் கோபப்படப் பார்த்தேன். அதற்கும் கொஞ்சம் இரத்தம் வேண்டுமாம்.

எனக்கு இன்றைக்கு உடம்பு சூடாக இருக்கிறது. இரத்தத்தில் வெள்ளைக் கலங்கள் இல்லாததால் எந்தக் கிருமியும் உள்ளே வந்து போகலாம் என்கிறார்கள். நாளைக்கு எழுதுகிறேன்.

சேந்தன்


கட்டுகஸ்தோட்டை
11.03.2025

தம்பி,

உன்னிடமிருந்து மூன்று வாரமாகக் கடிதம் இல்லை. பிடிவாதம் என்று நினைத்தேன். இன்னும் ஒரு வாரம் பார்ப்போம், இறங்கி வருவான் என்று பத்மாவிடம் சொன்னேன். அவள் என்னோடு பேச்சை நிறுத்தி இன்றைக்குப் பதினான்கு நாள்.

நேற்று இரத்த வங்கியிலிருந்து அழைத்தார்கள், போனேன். ஷஹ்மா கேட்ட முதல் கேள்வி, "காய்ச்சல் சுகமா சேர்?" நான் தலையை ஆட்டினேன். பிறகுதான் சொன்னார். நீ பத்து நாள் கடுங்காய்ச்சலில் கிடந்தாய் என்றும், மூன்று நாள் ஆளைத் தெரியாமல் இருந்தாய் என்றும், 24ஆம் திகதி திட்டமிட்டபடி நடந்திருந்தால் என்று ஏதோ தொடங்கி நிறுத்திக்கொண்டார். நல்ல பிள்ளை. முடிக்கவில்லை.

மேசைக்குப் பக்கத்தில் ஒரு தட்டு இருந்தது. அழிப்பதற்கு அனுப்பும் பைகள் அதில் கிடந்தன. இரண்டில் என் பெயர் இருந்தது. என் கையெழுத்தும் இருந்தது. ஒன்றுக்குச் சென்ற வாரம் முப்பத்தைந்து நாள் முடிந்துவிட்டது, மற்றதற்கு நேற்றோடு.

"வேறு யாருக்காவது கொடுத்திருக்கலாமே" என்றேன்.

"முந்தியே சொன்னேனே சேர். உங்களுக்கு மட்டுந்தான் எண்டு எழுதினா வேற யாருக்கும் ஏத்த ஏலாது. நீங்க வராட்டி வீண்தான்."

அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. விதியைச் சொன்னார். எனக்குத்தான் நிற்க இடம் போதவில்லை. யாருக்கும் ஒரு துளி கொடுக்க வேண்டாம், யாரிடமும் ஒரு துளி வாங்க வேண்டாம் என்று நான் ஒதுக்கி வைத்தது குப்பைக்குப் போகிறது. அதைச் சிவப்பு உறைக்குள் போட்டுக் கட்டுகிறபோதும் அந்தப் பிள்ளை என் பெயரை ஒருதரம் வாசித்துச் சரிபார்த்தது.

எனக்குக் காய்ச்சல் இருக்கவில்லை. சளியும் இல்லை. உன்னைப் பணிய வைக்கவேண்டும் என்று இருந்தேன். மாணவன் மன்னிப்புக் கடிதம் கொண்டுவரும்வரை வகுப்புக்கு வெளியே நிறுத்தி வைக்கிற பழக்கம். முப்பது வருஷப் பழக்கம். உன்னை எங்கே நிறுத்தி வைத்தேன் என்பது நேற்றுத்தான் தெரிந்தது.

20ஆம் திகதி என்று குறித்திருக்கிறார்கள். நாளையிலிருந்து உன்னைத் தனியறையில் வைத்து மருந்து தொடங்குவார்களாம். தொடங்கினால் உன் மச்சை முழுவதும் அழிந்துவிடும், அதன்பிறகு நான் வராவிட்டால் நீ இல்லை என்று டொக்டர் என் முகத்தைப் பார்த்து இரண்டு தடவை சொன்னார். இரண்டு தடவை சொல்லவேண்டிய ஆள் நான் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதுவும் நியாயம்தான்.

எனக்குப் புதிதாக இரத்தம் எடுத்து வைக்க இனி நாள் இல்லை. தேவைப்பட்டால் பிறருடையதை ஏற்றச் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

மன்னிப்புக் கடிதம் ஒன்றும் வேண்டாம். நான் வருவேன்.

குகதாசன்


கண்டி ஆஸ்பத்திரி
12.03.2025
(அண்ணாவிடம் மச்சை எடுத்து முடிந்த பிறகு கொடுக்கவும்)

அன்பின் அண்ணாவுக்கு,

இதை நீங்கள் எழுதியிருந்த தாதி ஷஹ்மாவிடம் கொடுத்து வைக்கிறேன். இன்று பின்னேரம் என்னைக் கண்ணாடி அறைக்குள் விடுவார்கள். பிறகு தாள், பேனை ஒன்றும் உள்ளே வராது.

கடிதத்தைப் பிந்திக் கொடுக்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. முன்னமே தந்தால் நீங்கள் வெட்கத்தில் மச்சை தருவீர்கள். அது எனக்கு வேண்டாம். கோபத்தோடு தந்தால்கூடப் பரவாயில்லை, வெட்கத்தோடு தர வேண்டாம். இப்போது நீங்கள் தந்து முடித்திருப்பீர்கள். இனிச் சொல்லலாம்.

அப்பா போன மறுநாள் காலை பத்து மணிக்கு உங்கள் பள்ளிக்கூடத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். உங்கள் கைத்தொலைபேசி நிறுத்தியிருந்தது. அலுவலகத்தில் எடுத்தவர், "சேர் காலையிலேயே அதிபர் இன்டர்வியூவுக்குப் போயிட்டாரே" என்றார். "ஊரடங்கு இல்லையோ?" என்று கேட்டேன். "காலையில எடுத்திட்டாங்க. பின்னேரம் திரும்பப் போடுவாங்களாம்" என்றார். ஆறு மணிக்கு பஸ் ஏறியிருந்தால் இரண்டு மணிக்கு நீங்கள் வந்து சேர்ந்திருப்பீர்கள் என்று எனக்கு அப்போதே தெரியும். ஐந்து மணிவரை வைத்திருந்தேன். வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரியப்பா, "ஒரு நாள் பொறுத்து மூத்தவன் வரட்டும். ஏன் வரேல்லையெண்டு கண்டிக்கு எடுத்துக் கேளுங்கோ" என்றார். நான் எடுத்த இலக்கத்தை இன்னொருவர் எடுத்தால் எனக்குக் கிடைத்த பதில்தான் அவருக்கும் கிடைக்கும். தகப்பன் கிடக்க, பதவிக்குப் போய் உட்கார்ந்தான் என்று ஊர் உங்களைச் சொல்லும். அதனால், "கண்டி முழுக்க ஊரடங்கு, அண்ணாவாலை வரேலாது, நான் வைக்கிறன்" என்று சொல்லிக் கொள்ளியை வாங்கினேன். ஊரடங்குக் கதை முதலில் என் வாயிலிருந்து வந்தது. நீங்கள் வந்திறங்கி அதே கதையைச் சொன்னபோது நான் என்ன சொல்ல முடியும்? அன்றைக்கு உங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது அதனால்தான். நீங்கள் பேசப் பேச, எங்கேயாவது பிடி கொடுத்துவிடப் போகிறீர்களே என்று பயந்துகொண்டு நின்றேன்.

இனி நீங்கள் கேட்ட கடிதம்.

பிழை செய்துவிட்டேன். கொள்ளி வைத்தது பிழை என்று என்னால் எழுத முடியாது. தெரிந்துகொண்டும் ஏழு வருஷம் உங்களிடம் சொல்லாமல், உங்களை அந்தக் கோபத்துக்குள்ளேயே விட்டு வைத்தது பிழை. அதைச் சொன்னால் நீங்கள் உடைந்துபோவீர்கள் என்று நினைத்தேன். சொல்லாததால்தான் உடைந்தீர்கள்போல. மன்னித்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்து: ந. சேந்தன்

பெரியப்பாவுக்குப் பிரதி அனுப்பவில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

உங்கள் தம்பி


கட்டுகஸ்தோட்டை
26.03.2025

அன்பின் தம்பி சேந்தனுக்கு,

மச்சை எடுத்து ஆறு நாள். இடுப்பில் யாரோ உதைத்ததுபோல் வலி. நடக்கிறேன்.

மயக்கம் தெளிந்தபோது கைக்கு மேலே ஒரு பை தொங்கியது. நான் நினைத்ததைவிடக் கூடவே இரத்தம் போயிருந்ததாம், ஒரு பை ஏற்றி முடித்து இரண்டாவது ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு ஒட்டியிருந்த தாளை வாசித்தேன். இலக்கம் மட்டும் இருந்தது. "பெயர் இல்லையே" என்றேன். என்னைப் பார்க்க வந்திருந்த ஷஹ்மா சொன்னார்:

"பேர் இருக்காது சேர். பேர் எழுதுறது சொந்த ரத்தத்துக்கு மட்டுந்தான். மத்ததெல்லாம் யாருக்கு வேணுமோ அவங்களுக்கு."

"எங்கிருந்து வந்தது?"

"எப்பிடிச் சொல்றது? போன மாசம் பிலிமத்தலாவைல பௌத்த பன்சலையில ஒரு ரத்ததானக் கேம்ப். அக்குறணைப் பள்ளிவாசல்ல ஒண்டு. எல்லாம் ஒண்டாத்தான் வரும்."

அவர் போகும்போது உன் கடிதத்தை என் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அந்தப் பை ஓடி முடிவதற்குள் வாசித்து முடித்தேன்.

எல்லாம் நீ எழுதியபடிதான். நீ அறியாத மிச்சத்தை நான் எழுதுகிறேன். முதல் நாள் இரவு நீ தொலைபேசியில் "அப்பா எங்களை விட்டிட்டுப் போட்டார்" என்றபோது நான் அழவில்லை. காலையில் நேர்முகத் தேர்வு இருக்கிறதே என்றுதான் முதலில் நினைத்தேன். ஒன்பது மணிக்குப் போய் முடித்துவிட்டுப் பதினொன்றுக்கு பஸ் ஏறலாம் என்று கணக்குப் போட்டேன். தொலைபேசியை நிறுத்தி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கோப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: நிலைமை காரணமாக நேர்முகத் தேர்வு ஒத்திவைக்கப்பட்டுள்ளது. பதினொன்று ஆகியும் நான் பஸ் ஏறவில்லை. வேறு திகதி தருவார்களா என்று கேட்க அங்கேயே நின்றேன். நான்கு மணிக்கு ஊரடங்கு மறுபடி வந்தபோது எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது, சேந்தன். அதைத்தான் ஏழு வருஷமாக ஒருவரிடமும் சொல்ல முடியாமல் இருந்தேன். உன்மேல் சத்தம் போட்டால் அது எனக்குக் கேட்காது.

ஷஹ்மாவிடம் அந்த ஊரடங்கைப் பற்றி ஒருநாள் பேச்சுக்குக் கேட்டேன். "அந்தக் கிழமை வாப்பா கடைப்பக்கம் போகல்ல சேர். கடை இருக்குதோ இல்லையோ எண்டே தெரியாது" என்றார். அவர்களுக்கு வந்த துன்பத்தை நான் எனக்கு ஒரு சாட்டாக எடுத்துக்கொண்டேன். அந்த அக்குறணையில் யாரோ கையை நீட்டிக் கொடுத்தது இப்போது எனக்குள் ஓடுகிறதோ என்னவோ.

11ஆம் திகதி உனக்கு எழுதியபோது இதையும் ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். நீயாகச் சொல்லியிராவிட்டால் நான் சொல்லியிருப்பேனா என்று கேட்டால், சொல்லியிருப்பேன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

நேற்றுப் பெரியப்பாவுக்குக் கடிதம் போட்டேன். அன்று காலை ஊரடங்கு இருக்கவில்லை என்றும், நான் எங்கே போனேன் என்றும், நீ ஏன் பொய் சொன்னாய் என்றும் எழுதினேன். எண்பத்தேழு வயதிலும் அவர் அதை எல்லோருக்கும் உரத்து வாசித்துக் காட்டுவார். காட்டட்டும். அப்பாவின் திவசத்தை இனியும் நீதான் செய்யவேண்டும். நான் பக்கத்தில் நின்று எள்ளும் தண்ணீரும் எடுத்துத் தருகிறேன்.

ஏற்றிய இரண்டு பைக்கும் பதிலாக நானும் ஒரு முகாமில் போய்க் கொடுக்கலாம் என்று ஷஹ்மாவிடம் கேட்டேன். இரத்தம் ஏற்றினவரிடம் ஒரு வருஷத்துக்கு எடுக்கமாட்டார்களாம். "அவசரப்பட ஏலாது சேர்" என்று சிரித்தார். சரி. ஒரு வருஷம் அதைச் சுமந்துகொண்டு இருக்கிறேன்.

உனக்குப் புதிய இரத்தக் கலங்கள் ஏறத் தொடங்க இன்னும் ஒன்றிரண்டு வாரம் ஆகும் என்கிறார்கள். ஏறும் என்றும் சொல்கிறார்கள், ஏறாமலும் போகலாம் என்றும் சொல்கிறார்கள். நான் இரண்டையும் கேட்டுக்கொண்டு வருகிறேன்.

பத்மா இன்று காலை பேசினாள். "அந்தக் கடிதத்தைக் கோசலாட்டைக் குடுத்துவிடாதேங்கோ, நீங்களே கொண்டுபோங்கோ" என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

தாள் உள்ளே வராது என்பதால், இதைக் கண்ணாடிக்கு வெளியே நானே பிடித்துக்கொண்டு நிற்கிறேன். எழுத்தைப் பெரிதாக எழுதியிருக்கிறேன். ஒரு பக்கம் முடிந்ததும் நீ கையை உயர்த்து, நான் மாற்றுகிறேன். வாசிக்கும்போது என் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். பார்.

மெதுவாக வாசி. எனக்கு இன்றைக்கு வேறு எங்கேயும் போகவேண்டியதில்லை.

அண்ணா